துணை ஒப்பு

காலைக் காப்பியோடு செம்மிக் கருவியைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது தூத்துக்குடியில் இப்போது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. "நிலுவைகள்," என்று தொடங்கியது அது. "சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. தையல்கடையில் ரவிக்கை கிடக்கிறது. பெரியம்மா மகன் கல்யாணத்துக்குப் போகாத உறுத்தல்."

குழாய்க்கு ஆளை வரச்சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மூடு என்றேன். தலைக்குள் லேசாக ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான். ரவிக்கை அங்கேயே கிடக்கட்டும், எனக்கென்ன?

செம்மி வேலையைச் செய்து தராது. செய்யாத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறதே, அந்த அரிப்பை எடுத்துவிடும். நடந்தது ஞாபகத்தில் இருக்கும். வேண்டும் என்ற எண்ணம்தான் இருக்காது. நான் எதையும் மூட மனம் வராமல் இழுத்தடிப்பவள். அதனால் என் கணவர் இசக்கிராஜுக்குத் துணை ஒப்பு கொடுத்திருந்தேன். எனக்குப் பதிலாக அவரே தன் போனிலிருந்து மூடிவிடலாம். அதன்பிறகு அலுவலகத்தில், அரசி மேடம் மாதிரி ஒழுங்கு வருமா என்று பேர் வாங்கினேன். பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மதியம் ஒரு பெண் போனில் அழைத்தாள்.

"மேடம், குழந்தைங்க காப்பகத்துலருந்து பேசுதேன். தத்தெடுக்க எழுதிப் போட்டிருந்தீங்கள்லா? உங்க முறை வந்துட்டு. பொம்பளப் பிள்ள, ரெண்டு வயசு. நாளைக்குள்ள வந்து பாக்கலன்னா அடுத்தவங்களுக்குப் போயிரும்."

எழுதிப்போட்டது நன்றாக நினைவிருந்தது. வீட்டைப் பார்க்க வந்த அதிகாரிகளுக்கு முறுக்கு வைத்தது, பின்னறைச் சுவரில் வாத்துப் படம் ஒட்டியது, எல்லாம். எதற்காக அவ்வளவு பாடுபட்டேன் என்பதுதான் பிடிபடவில்லை. அந்த அறையில் இப்போது துணி காயப்போடுகிறேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதை நான் மூடவே இல்லை.

மாலையில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். "பிள்ள ஆசைய மூடினது நீங்களா?"

"தெனமும் அழுதுட்டே கெடந்தியே அரசி. பாக்க முடியல."

"அழுதா அழுதுட்டுப் போறேன். ரவிக்கைக்கும் குழாய்க்கும் குடுத்த ஒப்புங்க அது! தத்துக்கு நீங்களும்தான கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "எனக்கு அப்பவே வேண்டாம்னுதான் பட்டுது. ஒங்கிட்டச் சொல்லத் தைரியமில்ல. நீயா வேண்டாம்னு விட்டுட்டா பிரச்சினை இல்லன்னு நெனச்சேன்."

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். அதுவும் நானே கொடுத்த கத்தியால். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் கட்டைவிரல் போன்மேல் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை.

"புதிய நிலுவை, கோபம்," என்றது செம்மி. "துணை ஒப்பு கிடைத்தது. மூடுகிறேன்."

தலைக்குள் அந்தக் குளிர்ச்சி வருவதற்குள் அதைப் பிய்த்தெடுத்துத் தண்ணீர்ச் செம்புக்குள் போட்டேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை. காப்பகத்துக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலைல வாரேம்மா. பிள்ள பேரு என்ன?"

"மகிழ்நிலா, மேடம். நல்லாச் சிரிப்பா."

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு தடவையும் சொன்னேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதற்காகத்தான் அழுதேன்.