பூட்டிய மொட்டைமாடியில் செத்த மீன்கள்

தையல்காரி டிபன் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே செத்த மீன் ஒன்று கிடந்தது.

"இது ஒன்பதாவதுங்க. விஷம் வெச்சது அவர் அண்ணன்தான்னு என் வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறார். அண்ணன் வீட்டுல வேற வீடு பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. எனக்குத் தலை வெடிக்குது!"

சொட்டு மேடம் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருடம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டே ஓய்வு பெற்றவர். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அவர் கணவர், பூட்டு ரிப்பேர்க்காரர், அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

போகிற வழியில் தையல்காரி சொன்னாள். கீழ்வீட்டில் கணவரின் அண்ணனான மூத்தாரும் அவர் மனைவியும், மாடியில் இவர்கள். மொட்டைமாடியில் கணவரின் மீன்தொட்டி. தொட்டித் தண்ணீர் ஒரு டிரம்முக்குள் போகும். மீன் கழிவு அங்கே அடியில் தங்கும். மிச்சத் தண்ணீர் செடித்தொட்டிகளுக்குப் பாய்ந்து, தெளிந்து மீனிடமே திரும்பும். வாரத்துக்கு நாலு விரல் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. படிக்கட்டில் கருப்புச் சேறு சொட்டியிருந்தது. உடனே மனுஷன் மாடிக்கதவைப் பூட்டிவிட்டார். பூட்டிய ஐந்தாம் வாரம் மீன்கள் சாக ஆரம்பித்தன.

"கள்ளச்சாவி!" என்றார் பூட்டுக்காரர் சந்தோஷமாக.

ஆனால் மாடிக்கதவின் முன்னால் மண்டியிட்டு, லென்ஸ் வைத்துக் கால் மணி நேரம் பார்த்தபின் அவர் முகம் தொங்கிவிட்டது. "ஒரு கீறல்கூட இல்ல. இந்தப் பூட்டுக்குச் சாவியும் ஒண்ணே ஒண்ணுதான் வரும்."

"அது ராத்திரியும் என் தலகாணிக்கு அடியிலதான் இருக்கு," என்றார் தையல்காரியின் கணவர், அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். பிறகு, கேட்காமலே, அலமாரியைக் காட்டினார். தண்ணீரின் புளிப்பை, அதாவது அமிலத்தை, ஏற்றும் திரவம், இறக்கும் பொடி, இரும்புச் சத்து, நுண்ணுயிர் பாட்டில். "நான் என்ன குறை வெச்சேன்? போன வாரம் தண்ணி புளிச்சிருந்துது. ஒரே நாள்ல சரிபண்ணிட்டேன். இருந்தும் அடுத்த நாளே நாலு மீன் போச்சு. விஷம் இல்லாம வேற என்ன?"

"டிரம்மை எப்பக் கழுவுவீங்க?" என்று கேட்டார் சொட்டு மேடம்.

"கழுவ வேண்டியதே இல்ல! முதல்ல ரெண்டு மாசம் திறந்து பார்த்தேன், எப்பவும் கழிவே இல்லாம காலி. அப்படி அமைச்சிருக்கேன்." தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பெருமையை அவள் நூறு தடவை கேட்டாயிற்று.

"பூட்டினப்புறம் தண்ணி குறையுதா?"

"குறையல. அதான் சொல்றேனே, திருட்டு நின்னுடுச்சு!"

"படியில சேறு?"

"அதுவும் இல்ல," என்றாள் தையல்காரி.

சொட்டு மேடம் கீழே இறங்கிப் போய், மூத்தார் வாசலில் இருந்த கத்தரிச் செடிகளை நின்று பார்த்தார். தண்டு பருத்திருந்தது, இலைகள் மட்டும் வெளிற ஆரம்பித்திருந்தன. மூத்தாரையும் அவர் மனைவியையும் மாடிக்கு அழைத்துவந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்த்தார்கள்.

சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மேடம் மருந்துச் சொட்டு விட்டார். மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் கரும்பச்சையானது.

"இதுதான் விஷம், அம்மோனியா. வெளியிலேர்ந்து யாரும் கொண்டுவரல. டிரம்மைத் திறங்க."

கணவர் மூடியைத் தூக்கினார். விளிம்புவரை கருஞ்சேறு. நாற்றத்தில் பூட்டுக்காரர் மாடியின் மறுகோடிக்கே ஓடினார்.

"எப்பவும் காலியா இருந்த டிரம்," என்றார் மேடம். "கழிவு தானா மாயமாகாது. யாரோ எடுத்திருக்காங்க. அதோட போன தண்ணிதான் வாரம் நாலு விரல். வழியில சொட்டினதுதான் படிக்கட்டுச் சேறு. நீங்க பூட்டினீங்க, மூணும் ஒண்ணா நின்னுச்சு. கீழ கத்தரிச் செடியும் வெளிற ஆரம்பிச்சுது. இல்லீங்களாம்மா?"

மூத்தார் மனைவி முந்தானையை முறுக்கினாள். "ரெண்டு நாளைக்கு ஒரு வாளி எடுப்பேன். கேட்டா குடுத்திருப்பாரா? துணி காயப்போட வந்தாலே முறைப்பார்."

"அப்ப அண்ணிதான் திருடி!"

"இல்லீங்க. உங்க மீனை இத்தன நாள் உயிரோட வெச்சிருந்ததே அவங்கதான். பூட்டினதும் கழிவு சேர்ந்து அழுக ஆரம்பிச்சுது. தண்ணி புளிச்சிருந்த வரைக்கும் அந்த விஷம் கொஞ்சம் அடங்கிக் கிடந்துது. நீங்க பொடியைக் கொட்டி ஒரே நாள்ல புளிப்பை இறக்கினீங்க. அது முழு வீரியத்தோட எழுந்துடுச்சு."

"பொடி டப்பாவுல அப்படி எதுவும் போடலயே!"

"டப்பாவுக்கு உங்க டிரம்மைத் தெரியுமா?" என்று வெடித்தாள் தையல்காரி. "அஞ்சு வாரமா அக்கா என்கிட்ட முகம் குடுக்கல. ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்திருந்தா போதுமே!"

மேடம் தீர்வை விளக்கினார்: டிரம்மைக் காலி பண்ணுங்க, மூணு நாள் தீனி வேண்டாம், குளோரின் போக ஒரு நாள் திறந்துவெச்ச தண்ணியாப் பாத்து தினமும் கொஞ்சம் மாத்துங்க, பொடிகளை அலமாரியோட மூடிவைங்க. மிச்சமிருந்த மீன்கள் பிழைத்துக்கொண்டன.

அடுத்த ஞாயிறு காலை, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரியின் காதில் விழுந்தது: கணவர் யாரிடமோ போனில், "கழிவை ரெண்டு நாளைக்கு ஒருக்கா எடுக்கணும்னு நான் ஆரம்பத்துலயே யோசிச்சேன்," என்று அளந்துகொண்டிருந்தார். அவள் மிதித்த மிதியில் நூல் அறுந்தது.

போனை வைத்துவிட்டு அவர் நிறைந்த வாளியோடு கீழே இறங்கினார். கீழ்வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பிறகு மூத்தாரின் குரல், அத்தனை வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியிடம்:

"நாறுதுடா. அதை வெளிய வெச்சிட்டு, கையைக் கழுவிட்டு உள்ள வா."