ஆர்லோவின் சிக்னல்

இரண்டு பனிவண்டிகளின் இன்ஜின்களும் அணைந்த பிறகு, பனி ஒருமுறை மூச்சு விட்டது.

கர்ட்டிஸ் அதைக் காலில்தான் முதலில் உணர்ந்தான். வண்டியிலிருந்து இறங்கி ஓர் அடி வைத்ததும், ஒரு மைதானத்தின் அளவுக்கு விரிந்து கிடந்த வெண்பரப்பு மொத்தமும் ஒரு விரற்கடை கீழே அமர்ந்தது. தடித்த மெத்தையில் யாரோ கனமாக உட்கார்ந்ததுபோல ‘தொம்ம்’ என்ற அமுங்கிய ஓசை எழுந்து, சரிவின் அடிவாரம் வரை ஓடி, ஊசியிலை மரங்களுக்குள் போய்த் தொலைந்தது. ஒரே ஒரு மரத்தின் உச்சியிலிருந்து மட்டும் பனித்தூள் உதிர்ந்தது. காற்றே இல்லை.

அந்த மலைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசை தெரியும். மேலே புதுப்பனி, அடியில் சர்க்கரைபோல உதிர்ந்து கிடக்கும் பழம்பனி, இரண்டுக்கும் நடுவே பிடிமானம் இல்லை என்று அர்த்தம். அதைக் கேட்டால் அன்றைக்கு எந்தச் சரிவிலும் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஆர்லோவுக்கு அது கேட்கவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கர்ட்டிஸின் வண்டி மூக்கைத் திறந்து, புகைக்குழாயின் மேலிருந்த தகரப் பெட்டிக்குள் ஈயத்தாளில் சுற்றிய மான்கறி சாசேஜ்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய மனைவி டெல்லா காலையில் கட்டிக் கொடுத்தவை. டெல்லா, கர்ட்டிஸின் தங்கை.

“மச்சான், உன் டர்போ மலை ஏறுதோ இல்லையோ, சமையலுக்கு அருமையா இருக்கு. நல்லா கொதிக்குது பாரு.”

சொல்லிவிடத்தான் கர்ட்டிஸ் வாய் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

சற்று முன்பு நடந்தது இன்னும் காதோரம் சுட்டுக்கொண்டிருந்தது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே இருவருக்கும் ஒரே வாக்குவாதம். பெட்ரோல் பங்கில், டெல்லாவின் சமையலறையில், தேவாலய வாசலில்கூட. ஆர்லோவின் பனிவண்டி பழையது, சாதாரண இன்ஜின், எடை குறைவு. ஆனால் சக்கரத்துக்குப் பதில் அடியில் சுழலும் அதன் ரப்பர்ப் பட்டை நல்ல நீளம், பற்கள் உயரமாக, அகல இடைவெளி விட்டு நிற்பவை. கர்ட்டிஸினுடையது அந்த வருடத்து டர்போ. பட்டை ஒரு முழம் குட்டை. உயரம் போகப் போகக் காற்று மெலிந்து சாதாரண இன்ஜின் திணறும், டர்போ காற்றை அள்ளித் திணித்துக்கொள்ளும் என்பான் கர்ட்டிஸ். “மாப்ள, மேல வந்தா உன் வண்டி ஆஸ்துமாக்காரன் மாதிரி இரைக்கும்.” ஆர்லோ சிரிப்பான். “பலம் இருந்து என்ன பண்ண? பனிமேல மிதக்கத் தெரியணும். உன்னுது கிணறுல்ல வெட்டும்!”

அன்று சமவெளியில் அப்படியே ஆயிற்று. இடுப்பளவுப் புதுப்பனியில் கர்ட்டிஸ் விசையை முறுக்க, பட்டை நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்து, வண்டி கைப்பிடி வரை இறங்கிவிட்டது. ஆர்லோவின் நீளப்பட்டை படகுபோல அவனை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. ஒரு கையில் போன், வாயெல்லாம் சிரிப்பு. “டெல்லா, இங்க பாரு, உங்கண்ணன் புதையல் எடுக்கறாரு!” அப்புறம் அவனே இறங்கி, கேட்காமலே, பனிவாரியால் தோண்டி வண்டியை வெளியே எடுத்தும் கொடுத்தான். அதுதான் சிரிப்பைவிட அதிகமாக உறைத்தது.

“சமதரையில எவன் வேணா மிதப்பான்” என்றான் கர்ட்டிஸ் இப்போது. “அதோ அந்தச் சரிவுல ஏறு. யாருது வண்டினு அங்க தெரியும்.”

ஆர்லோ கண்ணாடியை உயர்த்திச் சரிவைப் பார்த்தான். “நேத்து காத்து பனிய பூரா அந்தப் பக்கம்தான் கொட்டியிருக்கு. உறுதியா இருக்கா?”

“நான் பாத்துட்டேன். கெட்டியாத்தான் இருக்கு.”

பொய் அவ்வளவு எளிதாக வந்தது.

“சரி. நான் மேல நிக்கிறப்ப நீ கீழயே இரு. ஒரு சமயத்துல சரிவுல ஒருத்தர்தான்.”

“எனக்கே பாடம் எடுக்காத, போ.”

ஆர்லோ போனான். பழைய இன்ஜினின் கரகரப்பு சரிவில் ஏறி, மெல்ல மெல்ல இளைத்து, முக்கால் உயரத்தில் கர்ட்டிஸ் மாதக்கணக்காகச் சொல்லிவந்தபடியே மூச்சு வாங்கி நின்றது. வண்டி பக்கவாட்டில் திரும்பிப் புதைந்தது. ஒரு கறுப்புப் புள்ளியாக ஆர்லோ இறங்கி, கையசைத்துவிட்டுத் தோண்டத் தொடங்கினான்.

காத்திருக்க வேண்டும். கர்ட்டிஸுக்கு அது தெரியும். ஆனால் தான் சொன்னது சரியாகப் போனதை ஆர்லோ அங்கே நின்று, அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது. இப்போதே. அவன் விசையை முறுக்கினான். டர்போ சீறியது. சரிவின் வெண்மை இரண்டாகப் பிளந்து தோள்களின் மேல் கொட்டியது. ஆர்லோவைக் கடக்கும்போது அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்துவது தெரிந்தது. கர்ட்டிஸ் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அவன் தலைக்கு நேர் மேலே, உச்சியருகே, அகலமாக வளைந்து திரும்பினான்.

பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கோடு பனியில் ஓடியது.

டர்போ அவனை முகட்டுப் பாறைக்கு இழுத்துப் போட்டது. உண்மைதான், வேறு எந்த இன்ஜினாலும் அது முடிந்திருக்காது. அவன் திரும்பிப் பார்த்தபோது சரிவின் பாதியைக் காணவில்லை. ஆர்லோவும் இல்லை, அவன் வண்டியும் இல்லை.

அவன் இறங்கி வந்தான். சரிந்து நின்ற பனி சிமெண்டுபோல இறுகிவிட்டிருந்தது. கட்டிகளுக்கு நடுவே ஒரு கையுறைகூடத் தெரியவில்லை. மார்பில் கட்டியிருந்த தேடுகருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினான். ‘பீப்’. நாற்பது மீட்டர் என்றது எண். அம்பு இடப்பக்கம் காட்டியது. ஆர்லோவின் மார்பிலும் அதே கருவி, பனிக்கு அடியில் இருந்து சிக்னல் விட்டுக்கொண்டிருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் பனிவண்டிக் கிளப்பில் பழகியதுதான். எண் குறையும் பக்கம் நட. மிகக் குறைந்த இடத்தில் அலுமினியத் துழாவுகோலைச் செங்குத்தாகக் குத்து. படவில்லையென்றால் எடுத்து, கொஞ்சம் தள்ளி, சுருள்போல விரிந்துகொண்டே குத்து. பட்டுவிட்டால் கோலை வெளியே எடுக்காதே, அப்படியே விட்டுவிட்டு அதை ஒட்டித் தோண்டு. புதைந்தவனுக்குக் கால்மணி நேரம் மூச்சிருக்கும். பயிற்சியில் எல்லோரையும் முந்துபவன் கர்ட்டிஸ்தான்.

சில அடிகள் நடந்தான். மேலே, விழாமல் தொங்கிய மீதிப் பாதி முனகியது. அவன் நின்றான். தோள்பையில் கோல் மடித்தபடியே இருந்தது.

பயந்துதான் நின்றேன் என்று பிறகு தனக்கே சொல்லிக்கொள்ளப் பார்த்தான். ஆனால் அந்த நிமிடத்தில் மண்டைக்குள் வந்தது வேறு. ‘அவர் தலைக்கு மேல நீ என்னண்ணா பண்ணிட்டிருந்த?’ என்று டெல்லா கேட்கும் குரல். அதற்கும் அடியில், அதைவிடச் சின்னதாக, அதைவிட அசிங்கமாக இன்னொன்று: ஆர்லோ உயிரோடு வந்தால் சொல்வான்.

“உதவிக்குப் போறேன்” என்று உரக்கச் சொன்னான், யாருமில்லாத வெளியைப் பார்த்து. அருகிலிருந்த ஊருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வண்டியை முடுக்கினான்.

காட்டுப்பாதையில் மூடுபனி இறங்கியிருந்தது. மாலை வெளிச்சம் நீலம் பாரித்து, மரங்களின் தண்டுகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் மறைந்தன. காலையில் வந்தபோது இரண்டு வண்டிகளும் மிதித்து இறுக்கிய தடம் அது. கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அவன் உதடுகள் ஹெல்மெட்டுக்குள் அசைந்துகொண்டே இருந்தன. ‘ஒரு மணி நேரம் தேடினேன் டெல்லா. கை மரத்துப் போற வரைக்கும் தோண்டினேன்மா. அவரேதான் போகணும்னு சொன்னாரு.’ ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் வழவழப்பானது. அப்போதெல்லாம் இன்ஜின் சூட்டில் வெந்த மான்கறி மணம், மிளகும் பூண்டுமாக, மூக்கின் அருகே வந்து நின்றது. இரண்டு பேருக்குக் கட்டியது. பசித்தது. பசிக்கிறதே என்று கூசினான்.

‘பீப்.’

கருவியை மாற்ற மறந்திருந்தான். இன்னும் தேடிக்கொண்டிருந்தது. ஏதோ எதிரொலி என்று நினைத்தான். இரண்டு முகடு தாண்டி வந்தாயிற்று. ஐம்பது மீட்டருக்கு மேல் அந்தக் கருவிக்குக் காது கேட்காது.

‘பீப்.’

நின்று பார்த்தான். நாற்பத்தெட்டு. அம்பு அவன் வந்த பக்கம், நேர் பின்னால் காட்டியது.

இன்ஜினை அணைத்தான். தடம் வெறுமையாக, வெளுப்பாக மூடுபனிக்குள் போய் முடிந்தது. யாரும் இல்லை. பனி விழும் ஓசைகூட இல்லை.

“ஆர்லோ?”

நாற்பத்தைந்து.

அவன் அசையவில்லை. கருவியும் அசையவில்லை. எண் மட்டும் இறங்கியது. நாற்பத்தொன்று. ஒருவன் ஆழப்பனியில் நடக்கும் வேகம்.

விசையை முழுதாக முறுக்கினான். டர்போ அலறியது. வண்டி தன் நீளத்துக்கு ஒருமுறை பாய்ந்தது. பிறகு, இறுகிய தடத்தின் நடுவில், பாறைபோலக் கிடந்த பனியில், பின்பக்கம் இறங்கியது. பட்டை சுழன்றது. குழி பறித்தது. இன்னும் முறுக்கினான். இன்னும் ஆழமாகப் போனது. அடியில் கிடந்த பனி, ஏற்கெனவே யாரோ தோண்டிப் போட்டதுபோலப் பொலபொலவென்று இருந்தது. இன்ஜின் ஒருமுறை இருமி அணைந்தது.

பக்கவாட்டில் குதித்தான். இடுப்புவரை இறங்கியது. தவழ்ந்தான். முழங்கை ஊன்றினால் முழங்கை போயிற்று. கடைசியில் உறுதியான ஓர் இடம் அகப்பட்டு அதன் மேல் ஏறி நின்றான். அதைச் சுற்றி எல்லாமே மாவு.

இருபது.

“மாப்ள…” கருவியைப் பார்த்தபடியே சொன்னான். “நான் தேடல. தோண்டல. ஒரு நிமிஷம்கூட…” அழுகை முட்டியது. “அந்தச் சத்தம் கேட்டுச்சு எனக்கு, நீ ஏறறதுக்கு முன்னாடியே. தெரிஞ்சேதான் உன்ன ஏத்துனேன்.”

பதினொன்று.

ஏழு.

தடத்தின் மேல் யாருமில்லை. மரங்களுக்கு இடையில் யாருமில்லை. மேற்பரப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நான்கு.

பிறகு எண் தடுமாறியது. நான்கு, ஐந்து, நான்கு. அம்பு இடப்பக்கம் போயிற்று. திரும்பியது. வலப்பக்கம் போயிற்று. திரும்பியது. கர்ட்டிஸுக்கு அந்த அசைவு தெரியும். குனிந்து, கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, மிகக் குறைந்த இடத்தைத் தேடுகிறவனின் கை அது. அவசரமில்லாத கை. நன்றாகப் பழகிய கை.

இரண்டு.

அங்கேயே நின்றது.

நான்கு அடி தள்ளிப் பனியில் ஒரு சிறு புள்ளி விழுந்தது. அதிலிருந்து விரல் தடிமனில் ஓர் அலுமினியக் கோல் மேலே வந்தது. கீழிருந்து. முழ உயரம் எழுந்து, நின்று, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

துளை மட்டும் மிச்சம்.

இன்னொரு துளை. கொஞ்சம் அருகில். கோல் எழுந்தது. நின்றது. இறங்கியது.

மூன்றாவது, அவன் பின்னால். திரும்பிப் பார்க்காமலே கேட்டது, பனி கிழியும் அந்த மெல்லிய சத்தம்.

சுருள். உள்நோக்கி.

ஓட வேண்டும். சுற்றிலும் மாவுப்பனி. அவனைத் தேடுகிறார்கள் என்பது ஒரு கணம் அவனுக்கு உறைத்தது. அவன் ஆர்லோவுக்குச் செய்யாததை, ஒரு துளையும் விடாமல், பொறுமையாக, அவனுக்காகச் செய்கிறார்கள். முகம் தீப்பிடித்ததுபோல எரிந்தது. அந்தக் குளிரில்.

இடது பூட்ஸின் ஓரத்தில் ஒன்று.

வலது பூட்ஸின் ஓரத்தில் ஒன்று.

அமைதி.

பிறகு இடது உள்ளங்காலின் நடுவில், ரப்பருக்கு அடியில், ஏதோ ஒன்று மெதுவாக வந்து முட்டியது. தட்டிப் பார்த்தது. மறுபடி தட்டிப் பார்த்தது.

காலைத் தூக்கினான். அதுவும் கூடவே எழுந்து, உள்ளங்காலை விடாமல் அழுத்திக்கொண்டு நின்றது.

கோல் திரும்பி இறங்கவில்லை.

வெகு ஆழத்தில், அந்தக் கோலை ஒட்டியபடி, பனிவாரி தோண்டத் தொடங்கியது.