அக்னஸின் கட்டம்

அன்று பிற்பகல் அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரம் ஹம்ஸா. வாசல் பக்கம், சார்ஜர் வயர்களுக்கு நடுவே, ஜாவித். கண்ணாடித் தடுப்புக்குள் முதலாளி அமிர்தராஜ். ஆனால் ஹம்ஸாவின் திரையில், இதே அறையின் படத்தில், நான்கு கட்டங்கள் இருந்தன.

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கான ஐபோன் ஆப் அது. பந்தியில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கட்டம் போட்டுக் காட்டும். சோதித்துப் பார்க்கத் தங்கள் அலுவலகத்தையே வைத்திருந்தார்கள். திறந்தவுடனே ஆப் நின்றுபோனது. காரணம் சிவப்பு எழுத்தில் வந்தது: படத்தில் ஒரு கட்டம் 'அக்னஸ்' என்ற பெயரோடு இணைந்திருக்கிறது, ஆப்பை ஓட்டும் புரோகிராம் கோடில் அந்தப் பெயர் இல்லை.

அது அமிர்தராஜின் பழக்கம். ஆள் போனதும் கோடில் பெயரை மட்டும் அழிப்பார். படத்தில் கட்டத்தை அப்படியே விட்டுவிடுவார். இங்கே வேலை பார்த்த அக்னஸ் போன மழைக்காலத்தில் காவிரிப் பாலத்தில் லாரி மோதிச் செத்தாள். கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரோடு மண்டபத்துக்குத் துரத்தியது அவர்தான். தாமதத்துக்கு அவளே பொறுப்பு என்று மறுநாள் மண்டபத்துக்கு மெயில் போட்டதும் அவர்தான்.

"ஹம்ஸா, அஞ்சு மணிக்குள்ள மண்டபத்துக்கு ஆப் போகலைன்னா தாமதத்துக்குப் பொறுப்புன்னு உங்க பேர்தான் மெயில்ல போகும். நாளைலேர்ந்து வரவும் வேணாம்," என்றார் தடுப்புக்குள்ளிருந்து. "ஒரு கட்டத்தைச் சரி பண்ணத் தெரியல, டெவலப்பராம்!"

ஹம்ஸாவுக்குக் காது மடல் எரிந்தது. அந்த மெயில் போனால் திருச்சியில் வேறு எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. முறைப்படி செய்தாள். இணைப்புப் பட்டியலைத் திறந்து, மஞ்சள் எச்சரிக்கைக் குறி போட்ட அக்னஸின் இணைப்பை நீக்கி, சேமித்து, பழைய ஆப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டினாள். நின்றது. பட்டியலைத் திறந்தாள். இணைப்பு அதே இடத்தில் இருந்தது.

"ஜாவித், நீங்கதானே பழைய ஃபைலத் திரும்பப் போடுறீங்க? விளையாட இதுவா நேரம்?"

"அல்லா மேல ஆணையா இல்லீங்க. நானே இப்பத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்."

நெட் வயரைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி நீக்கினாள். மறுபடி வந்தது. கீழே கடைவீதியில் ஜவுளிக்கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருக்க, மலைக்கோட்டைப் பாறையில் பட்ட வெயில் ஜன்னல் வழியே அனலாக அடிக்க, அந்த வெயிலுக்குள்ளேயே எங்கிருந்தோ நனைந்த துணி வாடையும் ஆற்று மண் வாடையும் மெல்லக் கசிந்து வந்தன. ஜாவித் முகத்தைச் சுளித்து, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு, டீ குடிக்க இறங்கிப் போனான்.

"என்னங்க, முடிஞ்சுதா? இல்ல, அழ ஆரம்பிச்சாச்சா?" என்றார் அமிர்தராஜ்.

எத்தனை முறை அழிப்பது? அவர் அழித்ததை இவள் எதற்கு அழிக்க வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு, கோடில் அந்தப் பெயரை எழுதினாள். அக்னஸ். கட்டத்திலிருந்து பெயருக்கு இழுத்து இணைத்தாள்.

ஆப் ஓடியது.

நான்கு கட்டங்கள். நான்காவது, ஹம்ஸாவின் கட்டத்தை ஒட்டி நின்றது. பின்பக்கம். முதுகில் குளிர்.

திரும்பவில்லை.

கட்டம் நகர்ந்தது. நகர்வதற்கு யாரும் கோடு எழுதவில்லை. தரையில் ஈரக் கால் பதியும் சத்தம். சளப். சளப். அவளைத் தாண்டியது. தடுப்பு வரை போனது. கதவு திறக்கவில்லை. கட்டம் உள்ளே இருந்தது.

நெட் வயரைத் தட்டுத்தடுமாறிச் செருகினாள். ஆப்பை மெயிலில் இணைத்தாள். கீழே 'தாமதத்துக்குப் பொறுப்பு' என்ற வரி. பயம். அதைவிடக் கோபம். தட்டினாள்: அமிர்தராஜ்.

நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் அது நின்றது. சுடிதாரில் தண்ணீர் சொட்டியது. தலை இருக்க வேண்டிய இடத்தில் நசுங்கிய ஹெல்மெட். அதன் உடைந்த கண்ணாடிக்குள்ளிருந்து கூந்தல் வழிந்து அவர் தோளில் கிடந்தது. அது மெல்ல அவர்மேல் குனிந்துகொண்டிருந்தது.

அமிர்தராஜ் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எரிச்சலோடு மேலே பார்த்தார்.

"ஏசி ஒழுகுது பாருங்க! கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். எழுந்து ஓடி வந்துவிடுவார்.

ஹம்ஸா வாயைத் திறக்கவில்லை. 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.