சூடேறிய ஐஸ் தொட்டி

"ஐஸ் சுடுமா? நீங்களே சொல்லுங்கோ, சுடுமா?"

குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் ஜலஜாவின் அபிராமபுரத்து வீட்டு வாசலில் நின்று கத்தினார் வேதியியல் பேராசிரியர் சங்கரன். துப்பறியும் ஜலஜா பதறாமல் அவரை உட்காரவைத்தார். உதவியாளன் உமர் ஃபாரூக் நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்தான். சங்கரனுக்கு அன்று எதைப் பார்த்தாலும் எரிச்சல். நவம்பர் மழை எரிச்சல், ஆட்டோக்காரர் எரிச்சல், இந்த உமரின் உற்சாகம் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

விஷயம் இதுதான். நொறுக்கிய ஐஸில் கால்சியம் குளோரைடு என்ற உப்பின் படிகங்களைக் கொட்டினால், கலவை சைபருக்குக் கீழே நாற்பது டிகிரி வரை இறங்கும். அந்தக் குளிரில்தான் மாணவி ஜெயஸ்ரீயின் சோதனை நடக்க வேண்டும். நேற்று உப்பைக் கொட்டினாள். ஐஸ் மளமளவென்று உருகி, தொட்டி கையைச் சுட்டது. ஆறு மாதம் பாடுபட்டுச் செய்த பொருள் பாழ்.

"படிகத்துக்குள்ள தண்ணி இருந்தாத்தான் குளிரும். தண்ணி இல்லாத உப்பைப் போட்டா சூடுதான். அந்த மாதிரி உப்பு எங்கிட்ட ஆராய்ச்சி பண்ற இன்னொரு பையன் ராகேஷ் மேஜையில மட்டும்தான் இருக்கு. அவனுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. ஜாடியில மாத்தி வெச்சுட்டான்! பன்னண்டு மணிக்கு அவனை நீக்கற கடுதாசில நான் கையெழுத்துப் போடணும்."

"அப்புறம் எங்கிட்ட ஏன் சார் வந்தீங்க?" என்றார் ஜலஜா.

"நாலு வருஷமா எங்கிட்ட இருக்கற பிள்ளை. சத்தியம் பண்ணி அழறான். ராத்திரி பூரா தூக்கமில்லை."

"அந்த உப்பு முன்னாடி எப்படி இருந்துது?"

"அதை ஏன் கேக்கறேள்! மழை வந்தாலே நசநசன்னு ஒழுகும். போன வாரம்கூட அட்டெண்டர் முத்துலட்சுமியைப் பிடிச்சுக் கத்தினேன், ஒரு உப்பை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதான்னு."

ஜலஜா செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடையாறு ஆய்வுக்கூடத்தை அடைந்தபோது மணி பதினொன்று. ஜெயஸ்ரீ முறைத்தபடி நின்றாள். ராகேஷ் சுவரைப் பார்த்து நின்றான். முத்துலட்சுமி கதவோரம். ஜலஜா, ராகேஷின் உப்பைத் தாளில் கொட்டினார். ஒரே அளவில் மணிமணியாக இருந்தது. ஜெயஸ்ரீயின் ஜாடியில் தூளும் கட்டியுமாகக் கிடந்தது.

"இடிச்சுக் கலந்திருக்கான்," என்றார் சங்கரன்.

"மேடம், எலிப்புழுக்கை!" என்று உமர் ஜாடியின் அடியிலிருந்து எதையோ இடுக்கியால் தூக்கிக் காட்டினான்.

"கஷ்டகாலம்!" சங்கரன் தலையில் அடித்துக்கொண்டார். "எலியா வந்து உப்பை மாத்தித்து?"

ஜலஜா அதைக் கத்தி முனையால் பிளந்து பார்த்தார்.

"எலியும் மாத்தலை, ராகேஷும் மாத்தலை. இது பழைய உப்பேதான் சார். உமர் எடுத்தது அரிசி. விரோதம் பிடிச்சவன் உப்புல அரிசி போடமாட்டான். உப்பு கசியக்கூடாதுன்னு கவலைப்படறவங்கதான் போடுவாங்க. எங்க வீட்டு ஜாடியிலயும் கிடக்கு. அப்படியும் கசிஞ்சா என்ன செய்வோம்? வாணலியில போட்டு வறுப்போம். இங்க வாணலி இல்ல, ஓவன் இருக்கு. ராகேஷ் உப்பைக் கொட்டியிருந்தா அரிசி வெள்ளையாவே இருக்கும். இது உப்போட சேர்ந்து வறுபட்டுக் கருஞ்சிவப்பா ஆயிருக்கு. படிகத்துல இருந்த தண்ணியும் அப்பவே போயிடுச்சு."

கதவோரம் விசும்பல் கேட்டது.

"நாந்தாம்மா. அரிசி போட்டும் ஒழுகிக்கினே இருந்துச்சு. அந்தச் சூட்டுப் பொட்டில வெச்சேன். உருகி, காஞ்சு, பாளமா பூட்ச்சு. இடிச்சுக் கொட்டினேன். ஊட்ல அப்டித்தான செய்வோம்? சாரு திட்னாரேன்னுதான்..."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். யார்மேல் எரிந்து விழலாம் என்று சங்கரன் சுற்றிலும் பார்த்தார். உப்பைக் காய்ந்த உப்பாக வைக்கச் சொன்னவர் அவரேதான். அந்த உப்பில் தண்ணீர் இருந்தாக வேண்டும் என்று முத்துலட்சுமிக்குச் சொல்லாதவரும் அவரேதான்.

"அழாதே முத்துலட்சுமி. உன்மேல தப்பில்லை," என்றார். சட்டைப்பையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். "ராகேஷ், போய் வேலையைப் பாருடா."

ராகேஷ் நகரவில்லை. "காலையிலேயே அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன் சார். அயோக்கியனைப் பெத்தேனான்னு கேட்டுப் போனை வெச்சுட்டார்."

ஜெயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபீஸ் போன் மழையில் செத்துக் கிடந்தது. சனியன், என்று அதை வைத்துவிட்டு, குடையை மறந்து, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு நனைந்துகொண்டே நடந்தார் சங்கரன். ராகேஷ் பின்னாலேயே வந்து நம்பரைச் சொன்னான்.

"ஹலோ, ராகேஷோட அப்பாவா? நான் அவன் வாத்தியார் பேசறேன். உங்க பிள்ளை ஒரு தப்பும் பண்ணலை. தப்புப் பண்ணினது நான்."