லிட்டருக்கு இரண்டு சொட்டு

தொட்டியில் தண்ணீர் மறுபடியும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

நேற்றுதான் மார்க்கரால் கோடு போட்டு வைத்தான். மூடிய குழாய்க்குள் சுற்றி ஓடி, கம்ப்யூட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு, குளிர்ந்து திரும்பவும் அந்தக் கண்ணாடித் தொட்டிக்கே வந்து சேரும் தண்ணீர் அது. ஒழுகினால் தெரிய வேண்டும். ஆனால் இணைப்புகளுக்கு அடியில் அவன் பரப்பியிருந்த டிஷ்யூ காகிதம் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் காட்டுவது அவன் பிழைப்பு. இல்லாததை இருப்பதாகக் காட்டியே சாப்பிடுகிறவனுக்கு, இருந்த தண்ணீர் இல்லாமல் போவது என்னவோ பொறுக்கவே இல்லை.

சுவரோரக் கட்டிலில் மகள் படுத்திருந்தாள். ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். ஒரு வாரமாகக் காய்ச்சல். வைரஸ், தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். மனைவி அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தாள். வேலையும் பிள்ளையும் ஒரே பார்வையில் இருக்கட்டும் என்று கட்டிலை இந்த அறைக்கு இழுத்துப் போட்டவன் அவன்தான். தண்ணீர் குறைய ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"மூடின குழாய்ல ஓடுற தண்ணி எங்க சார் போகும்?" என்று அவர் சிரித்தார். "மூணு பாட்டில் குடுத்தேன்ல? துருவுக்கு ஒண்ணு, பாசிக்கு ஒண்ணு, சாயம் ஒண்ணு. எதை ஊத்துனீங்க?"

"தண்ணி கலங்கிப் போச்சு. வெள்ளையா நூல் நூலா மிதந்துச்சு. அதான் பாசி மருந்து விட்டேன். இந்த வாரம் மூணு தடவை."

"லிட்டருக்கு ரெண்டு சொட்டு சார், அதுக்கு மேல வேண்டாம். அது விஷம். உசுரு உள்ள எதையும் விட்டு வைக்காது. இப்ப சாயத்தை விடுங்க. ஒரு மணி நேரம் ஓடட்டும். அப்புறம் ரூமை இருட்டாக்கிட்டு, கூடவே குடுத்த ஊதா டார்ச்சை அடிங்க. தண்ணி எங்க போகுதோ அங்க பச்சையா மின்னும். ஒளியவே முடியாது."

சாயத்தை விட்டான். இனிப்பும் ரப்பரும் கலந்த வாசனை எழுந்து அறை முழுக்கப் பரவியது. பச்சைப் புகைபோல் அது தண்ணீரில் சுருண்டு, குழாய்க்குள் நுழைந்து, கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் மறைந்தது. ஒரு மணி நேரம் ஓட விட்டான். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, வாய் இனிக்குது," என்றாள் வாண்டு, கண்ணைத் திறக்காமல்.

"மருந்து குடிச்சேல்ல, அதான்டா."

"இன்னும் குடுக்கலப்பா. அந்த மூணு நாளும் குடுக்கல. கசந்துச்சு. வாந்தி வந்துச்சு."

மேசையைப் பார்த்தான். மருந்துப் பாட்டிலின் மூடி சீல் உடையாமல் இருந்தது. வேலை மும்முரத்தில் டாக்டர் கொடுத்ததைத் திறக்கக்கூட மறந்திருக்கிறான். அப்படியானால் மூன்று நாளும் எது கசந்தது? பாசி மருந்து விட்டதும் மூன்று நாள். மூன்று வாந்தி.

திரைச்சீலையை இழுத்து மூடி டார்ச்சை அடித்தான். தொட்டி பச்சையாக எரிந்தது, குழாய்களும். இணைப்புகளில் ஒன்றுமில்லை. மேசைக்கடியில் ஒன்றுமில்லை. தரை, சுவர், சுவிட்சுப் பலகை, எங்கும் இருட்டு. மனசு கொஞ்சம் ஆறியது. கட்டிலின் கால் இருட்டு. போர்வையும் இருட்டு.

வாண்டுவின் மணிக்கட்டு மின்னியது.

நூலிழை போல ஒரு பச்சைக் கோடு. முழங்கைக்கு ஏறியது. கழுத்தில் இரண்டாகப் பிரிந்தது. நெற்றிப்பொட்டில், இமையில், உதட்டோரத்தில் நரம்பு நரம்பாக எரிந்தது. பம்ப் உறுமும்போதெல்லாம் துடித்தது.

பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினான்.

பம்ப் இழுத்து இழுத்து நின்றது. அவள் மூச்சும் நின்றது.

"வாண்டு! ஏய்! அப்பாவைப் பாருடா!"

கன்னத்தைத் தட்டினான். தலை துவண்டது. பிளக்கைத் திரும்பச் சொருகினான். பம்ப் கொப்பளித்தது. அவள் நெஞ்சு ஏறியது.

அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடப் பார்த்தான். மூன்றாவது அடியில் மூச்சு மெலிந்தது. ஐந்தாவது அடியில் உதடு கறுத்தது. கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுதுகொண்டே அவளைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டிலில் போட்டான். பாவி, நானே கொண்டுவந்து கிடத்தினேனே என்று வாய்விட்டுச் சொன்னான்.

அப்போது பம்ப் சத்தம் மாறியது.

திக்கியது. தொட்டிக்குள் வெள்ளை நூல்கள் திரண்டு, பம்பின் வாயில் போய் அடைத்துக்கொண்டிருந்தன. அவள் மூச்சும் திக்கியது.

மருந்தை விடாவிட்டால் பம்ப் அடைபடும். விட்டால் அவளுக்குள் போகும்.

பாசி மருந்தின் மூடியைத் திறந்தான். ஒரு சொட்டு.

நூல்கள் சுருங்கின. பம்ப் சீரானது. மூச்சு சீராக வந்தது. அவள் உடம்பு வில்லாக வளைந்து, வாயோரம் பச்சை நுரை தள்ளியது.

"கசக்குதுப்பா. போதும்ப்பா."

"அப்பா இருக்கேன்டா. கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு."

நூல்கள் திரும்ப முளைத்தன. முன்னைவிட வேகமாக. பாட்டிலில் கால் பங்குதான் மீதி. தரையில் போன் அதிர்ந்தது, மனைவியின் அழைப்பு. எடுக்கக் கையில்லை. ஒரு கையில் பாசி மருந்து, மறு கை பிளக்கை அழுத்திப் பிடித்திருந்தது, அது தானாகக் கழன்றுவிடும் என்பதுபோல.

பம்ப் திக்கியது.

அவள் மூச்சுக்காக வாயை அகலத் திறந்தாள். கட்டிலில் கிடந்த டார்ச்சின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாக்கு தெரியவில்லை. தொண்டைவரை வெள்ளை நூல்கள். பம்ப் சத்தத்துக்கு ஏற்ப மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

இரண்டாவது சொட்டை விட்டான்.