ஜூஸ் வண்டியில் வந்த மூச்சு

இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை என்பது மருந்துக்குக்கூட இல்லை. வேலை முடிந்து வந்ததும் முதலில் வண்டிக்குச் சார்ஜ் போட வேண்டும். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவது, பிள்ளை முகத்தைப் பார்ப்பது எல்லாம். ஒரே கட்டடத்தில் எட்டு பேட்டரி வண்டி. சாயங்காலம் ஆனால் போதும், தொட்டியில் வாய் வைத்த மாடுகள் மாதிரி வரிசையாக நின்று கரண்டைக் குடிக்கும்.

கீழ்வீட்டுப் பெரியவர் இப்படித்தான் புலம்பிக்கொண்டிருப்பார். யாராவது கேட்க வேண்டும் என்று அவசியம் இல்லை. சுவர் இருந்தால் போதும்.

அவர் புலம்பலுக்குக் காரணம் இருந்தது. உள் அறையில் அவருடைய மகன் படுத்திருந்தான். கல் அறுக்கும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்து, நெஞ்செல்லாம் தூசி. கட்டில் ஓரம் ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக அவன் மூக்குக்கு அனுப்பும்.

எட்டு வண்டிக்கும் ஒன்றாகச் சார்ஜ் போட்டால் கட்டடத்தின் மெயின் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் போனால் மெஷின் நின்றுவிடும். அதற்கு மேல் யோசிக்கப் பெரியவருக்குத் தைரியம் கிடையாது.

அதனால் போன வாரம் ஒரு காரியம் செய்தார். ஃபியூஸில் இருந்த மெல்லிய கம்பியை எடுத்துவிட்டு, தடிமனான கம்பி ஒன்றை வைத்து முறுக்கிவிட்டார்.

"இனிமே எப்படிப் போகுதுன்னு நானும் பாக்குறேன்" என்றார்.

ஃபியூஸ் போகவே இல்லை. ஆனால், ஒயர் சூடானால் முதலில் தான் அறுந்துபோய் வீட்டைக் காப்பாற்றத்தான் அந்தக் கம்பி மெல்லிசாக இருக்கிறது. பெரியவருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

அன்று காலையிலிருந்து மழை. சாயங்காலம் பேத்தி சில்லு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று மூக்கை உறிஞ்சினாள்.

"தாத்தா, ரப்பர் எரியிற நாத்தம் வருது."

"மேல்வீட்டுல எதையாவது தீச்சிருப்பாங்க. சமைக்கத் தெரியாத கூட்டம்."

சில்லு எழுந்து வாசலுக்குப் போனாள். மீட்டர் பெட்டியிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது.

"தாத்தா, மெயினை ஆஃப் பண்ணணும்."

"ஆஃப் பண்ணா உங்கப்பன் மெஷின் நின்னுடும்."

"முதல்ல சிலிண்டருக்கு மாத்திடுவோம். அப்புறம் ஆஃப் பண்ணு."

அவசரத்துக்கென்று ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. ஃபியூஸ் போகும்போதெல்லாம் அம்மா குழாயை அதற்கு மாற்றுவதைச் சில்லு பார்த்திருக்கிறாள். மாற்றினாள். பெரியவர் மெயினை இழுத்தார். கட்டடம் முழுக்க இருட்டானது. மேல்வீடுகளிலிருந்தெல்லாம் முனகல் கேட்டது.

யாரோ போன் செய்ய, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் குடையோடு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சுவருக்குள்ள ஒயர் கருகிப் போச்சு. காலையிலதான் மாத்த முடியும். யாரு இந்தக் கம்பியைப் போட்டது?"

"நான்தான். என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. இந்தப் பொண்ணு கொஞ்சம் லேட்டாப் பாத்திருந்தா, மாத்துறதுக்கு ஒயரும் இருந்திருக்காது, வீடும் இருந்திருக்காது."

பெரியவர் மகன் படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, சுற்றித்தான் வர வேண்டும், எப்போது வருவோம் என்று சொல்ல முடியாது என்றார்கள். வேலைக்குப் போன அம்மாவும் அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சில்லு சிலிண்டரைப் பார்த்தாள். அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணுமாப்பா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பேசினால் மூச்சு செலவாகும்.

சில்லு ஜன்னலோரம் போய் நின்றாள். வெளியே, தகரக் கூரைக்கு அடியில் வண்டிகள் நின்றன. கடைசியில் மேல்வீட்டு ஜூஸ் அக்காவின் பெரிய பேட்டரி வண்டி. அக்கா சந்தையில் ஜூஸ் போடும்போது சில்லு வேடிக்கை பார்த்திருக்கிறாள். மிக்ஸி ஓடும். ஆனால் அங்கே எந்தச் சுவரும் இல்லை, ப்ளக் பாயிண்டும் இல்லை. மிக்ஸியின் ஒயர் வண்டிக்குள்ளேயேதான் போகும்.

"தாத்தா, ஜூஸ் அக்கா வண்டியில மெஷினை ஓட்டலாம்."

"அதுவா? அது கரண்டைத் திங்கிற வண்டி."

"தின்னதை வெளியேயும் குடுக்கும் தாத்தா. நான் பாத்திருக்கேன்."

"அவகிட்ட நான் போய்க் கேக்க மாட்டேன்."

ஏன் என்று சில்லுவுக்குத் தெரியும். போன மாதம் ஜூஸ் அக்காவின் சார்ஜ் ஒயரைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தவர் தாத்தாதான். பதில் சொல்லாமல் அவள் மாடிப்படி ஏறினாள்.

ஜூஸ் அக்கா மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தாள்.

"என்ன, உங்க தாத்தா அடுத்த ஒயரைக் கேட்டு அனுப்பினாரா?"

"இல்லக்கா. அப்பா மெஷின் நின்னுடுச்சு. சிலிண்டரும் தீரப்போகுது. உங்க மிக்ஸி ஓடுற எடத்துல அந்த மெஷினும் ஓடுமாக்கா?"

அக்காவின் முகம் மாறியது. "இதை முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்று சாவியைத் தேடினாள். "ஓடும். ஆனா காலைக்குள்ள பேட்டரி காலியாயிடும். நாளைக்கு எனக்கு வியாபாரம் இல்ல."

சாவி கைக்குக் கிடைத்தது.

"பரவாயில்ல, நட" என்றாள் அக்கா.

அக்கா வண்டியை ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். வண்டிக்குள்ளிருந்து நீளமான ஒயரை இழுத்து, மழை படாமல் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"இதுல ஏது இவ்வளவு கரண்ட்?"

"நேத்து அடிச்ச வெயில் பெரியவரே. சந்தைக் கூரையில சோலார் இருக்குல்ல, அதுல ஏத்தினேன். இன்னைக்கு மழையில ஒரு டம்ளர் ஜூஸ்கூட விக்கல, அப்படியே இருக்கு."

"நேத்து அடிச்ச வெயில்ல இன்னைக்கு மெஷின் ஓடுமா? யாரு காதுல பூ சுத்துற?"

"தள்ளு தாத்தா" என்றாள் சில்லு.

உள்ளே வந்து மெஷினின் ப்ளக்கை அந்த ஒயரில் சொருகினாள் அக்கா. மெஷின் ஒரு தடவை முனகியது. நின்றது. சிலிண்டரின் முள் சிவப்பில் இருந்தது. அக்கா ஒயரை அழுத்திச் சொருகினாள். மெஷின் மறுபடி முனகி, பிறகு நிதானமாக ஓட ஆரம்பித்தது.

சில்லு குழாயை மாற்றினாள். அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஆம்புலன்ஸ் ஒருவழியாக வந்தபோது, வந்தவர்கள் அப்பாவைச் சோதித்துவிட்டு, "இப்படியே ஓடட்டும்" என்று சொல்லிப் போனார்கள்.

காலையில் எலக்ட்ரீஷியன் ஒயரை மாற்றினார். ஃபியூஸில் பழையபடி மெல்லிய கம்பியைப் போட்டார். வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் வாசலில் கூடினார்கள். சில்லு படியில் ஏறி நின்றாள்.

"உங்க வண்டியெல்லாம் ராத்திரி முழுக்கச் சும்மாதானே நிக்குது? எட்டையும் ஏன் ஒரே நேரத்துல சொருகணும்? ரெண்டு ரெண்டாப் போட்டுக்கலாமே."

"எனக்கு வேணாம். நான் சந்தையிலேயே ஏத்திக்கிறேன்" என்றாள் ஜூஸ் அக்கா.

இரண்டாம் மாடி டியூஷன் சார் கொட்டாவி விட்டார். "அப்போ தூக்கத்துல எழுந்து வந்து நான் வண்டியை மாத்தணுமா?"

"நாங்க தினமும் மாறி மாறி முழிச்சுதான் சார் இருக்கோம். அப்பா மூச்சு விடுறாரான்னு பாக்க."

டியூஷன் சார் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "நான் கடைசியாப் போட்டுக்கிறேன்" என்றார்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் காலி சிலிண்டரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா கிளம்பிட்ட? அதான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே."

"ஒத்துக்குவாங்க. நாலு நாள் போகட்டும், அப்போ பாக்கலாம்" என்றார் பெரியவர். பாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டதா என்றுகூடக் கேட்காமல், அந்தப் பக்கம் போய்ச் சிலிண்டரை நிரப்பி வரச் சேற்றுத் தெருவில் நடக்க ஆரம்பித்தார்.