சுவரில் மாட்டிய தொட்டில்

கரண்ட் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மின்விசிறி அசையாமல் நின்றது. குரங்குக்குப் பயந்து ஹெல்கா மேடம் ஜன்னலைத் திறப்பதே இல்லை என்பதால் இரண்டு ஜன்னலும் சாத்தியே கிடந்தன. ஈரத்தரையின் பினாயில் நெடி வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த மயிலிறகு அசையவில்லை. பனையோலை விசிறி அசையவில்லை. அவற்றுக்கு நடுவே புதிதாக ஓர் ஆணியில் தொங்கிய ஒரு சாண் துணித்தொட்டில் மட்டும், யாரோ விரலால் தள்ளிவிட்டுப் போனதைப்போல ஆடிக்கொண்டிருந்தது.

கஸ்தூரி துடைப்பதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். ஏழு மாத வயிறு. குனிந்தால் நிமிர முடிவதில்லை, நிமிர்ந்தால் மூச்சு வருவதில்லை.

செங்கம் ரோட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் இந்த மாடி அறைக்கு ஹெல்கா ஜெர்மனியிலிருந்து வந்து மூன்று வருஷமாகிறது. காலையில் தியானம், மத்தியானம் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றப் போவாள். கஸ்தூரியின் புருஷன் மாறனின் ஆட்டோதான் அவளுக்கு வண்டி. சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை, ஜவ்வாது மலை அருவி என்று எங்கே போனாலும் ஏதாவது ஒன்றைக் கையோடு கொண்டுவருவாள். சுவரில் மாட்டி, கீழே சின்ன அட்டையில் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவாள். ஒருமுறை கல்குவாரியையும் பார்த்துவிட்டு வந்தாள். கஸ்தூரியின் அம்மா காசியம்மாள் இருபது வருஷம் ஜல்லி உடைத்த குவாரி அது. எட்டு வயதில் கஸ்தூரி ஜல்லிச் சட்டி தூக்கியதும் அங்கேதான். ஜல்லி உடைக்கும் பெண்களைப் போட்டோ எடுத்து அதையும் மாட்டிவிட்டு, "அழகு" என்றாள் மேடம். தலையில் சட்டி இல்லாதவர்களுக்கு எல்லாமே அழகுதான்.

கஸ்தூரி தொட்டிலுக்குக் கிட்டே போனாள். பச்சைத்துணி, சிவப்புக் கரை. கரையில் ஓரிடத்தில் சாம்பிராணி நெருப்பு பட்டுக் கருகிய ஓட்டை. அவள் கல்யாணப் புடவையின் முந்தானை.

கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள்.

ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, போன வருஷம் அம்மாவோடு போய் அடி அண்ணாமலை தாண்டி ஏரிக்கரை வேம்பில் கட்டிவிட்டு வந்த தொட்டில். மாறன் அன்றைக்குச் சவாரி போயிருந்தான். பிள்ளைக்குப் பதிலாக உள்ளே வைக்கக் குவாரியிலிருந்தே ஒரு கருங்கல் எடுத்துப் போயிருந்தாள், நடுவில் வெள்ளை ரேகை ஓடியது. கட்டும்போது அம்மா சொன்னாள்: "பொறந்தப்புறம் நீயே வந்து அவுத்து, கல்லை ஏரியில உடணும். அதுவரிக்கும் வேற கை படக்கூடாது."

துணியை விலக்கிப் பார்த்தாள். வெள்ளை ரேகை.

அப்போதுதான் உறைத்தது. தினமும் இந்நேரம் உதைக்கிற பிள்ளை இன்று உதைக்கவில்லை. கைநீட்டித் தொட்டிலை நிறுத்தினாள். தொட்டில் நின்ற அந்த நொடியில் விலாவுக்குக் கீழே ஓர் உதை. கையை எடுத்தாள். தொட்டில் மெல்ல ஆடத்தொடங்கியது. வயிறு அடங்கிப்போனது.

அன்று ராத்திரி மாறன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அந்தத் தொட்டிலை மரத்துலேர்ந்து யார் அவுத்தது?"

"எந்தத் தொட்டிலு?"

"மேடம் ரூம்புல தொங்குதே."

"அதுவா? அந்தம்மா ஆசையா கேட்டுச்சு, அதுக்குக் கை எட்டல, நான்தான் அவுத்துக் குடுத்தேன். இன்னா இப்ப?"

"அது நான் கட்டினதுயா."

சோற்றில் வைத்த கை நின்றது. "எனக்கு எப்பிடித் தெரியும்? நூறு தொட்டில் தொங்குது. யாரோ கட்டினதுன்னு நெனச்சேன்."

"யாரோ கட்டினதா இருந்தா அவுக்கலாமா?"

அவன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். வேறொருத்தியின் பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்திருப்பான்.

"ஆஸ்பத்திரில நல்லா இருக்குதுனு சொன்னாங்கல்ல," என்றான் பிறகு. "கல்லும் துணியும் இன்னா பண்ணும்? நீயே கேட்டு வாங்கிக்க. நான் கேட்டு அந்தம்மா கோச்சிக்கிச்சுன்னா சவாரி பூடும்."

அடுத்த முறை வேலைக்கு, வியாழக்கிழமை, போனபோது தொட்டில் சுவரில் இல்லை. ஆணி வளைந்து தரையைப் பார்த்துத் தொங்கியது. அறையின் நடுவே, மேசைக்கு மேலே, விட்டத்து இரும்புக் கொக்கியில் கயிறு கட்டித் தொட்டிலை மாட்டியிருந்தாள் மேடம். துணி முன்னைவிட இழுபட்டுத் தொய்ந்திருந்தது.

"ஆணி வளைஞ்சு போச்சு," என்று ஹெல்கா சிரித்தாள். "முதல்ல லேசு. இப்போ கனம் ஜாஸ்தி. ஏன் கஸ்தூரி?"

"மேடம், அது என்னுது. நான் கட்டினது."

"நீங்க செஞ்சதா? ரொம்ப அழகு!"

"அழகுக்குக் கட்டலைங்க. வேண்டுதல். திரும்ப மரத்துல கட்டணும், குடுத்துடுங்க."

ஹெல்காவின் சிரிப்பு போனது. கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கறுப்பு இன்று இல்லை என்பதைக் கஸ்தூரி கவனித்தாள்.

"எனக்கு நாலு நாளா நல்ல தூக்கம்," என்று ஹெல்கா குரலைத் தாழ்த்தினாள், பக்கத்தில் யாரோ தூங்குவதைப்போல. "அதுல சின்ன சத்தம் வருது. மூச்சு மாதிரி. ஞாயிறு மாறன் கூடப் போய் வேற ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். அப்புறம் இது உங்களுக்கு. சரியா?"

வேற ஒண்ணு. கடையில் தேங்காய் மாற்றுவதைப்போலச் சொன்னாள். கஸ்தூரி வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அவள் கழுவி முடிக்கும்வரை தொட்டில் ஆடியது. வயிற்றில் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், பஸ் ஸ்டாண்டு தாண்டிய பிறகு, ஒரே ஓர் உதை. அதுவும் தூரத்திலிருந்து வந்ததைப்போல.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த உதையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, மேடம் ஞாயிறுவரை பொறுக்காமல் இன்றைக்கே சாத்தனூர் சவாரி கேட்டிருக்கிறாள், சாயங்காலம் போகலாம் என்றான் மாறன். மேடத்தை ஏற்றிக்கொண்டு அவன் ஆட்டோ போன பிறகு, கூட்டித் துடைக்க மேடம் அவளிடம் கொடுத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு கஸ்தூரி மாடி ஏறினாள். தொட்டிலை எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏறி, மத்தியானத்துக்குள் மரத்தில் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை.

கதவைத் திறந்ததும் வாசனை வந்தது. பினாயில் இல்லை, மேடத்தின் ஊதுபத்தியும் இல்லை. பால் வாசனை. வாய்வழியே வழிந்து கழுத்து மடிப்பில் புளித்துக் கிடக்கும் பால், அதோடு எண்ணெய் தேய்த்த தலையின் வெதுவெதுப்பு. பிள்ளை பெற்ற வீடுகளின் வாசலில் நின்று ஒன்பது வருஷமாக அவள் முகர்ந்துவிட்டுத் திரும்பிய வாசனை.

கரண்ட் இல்லை. தெருவில் மீன்காரனின் ஸ்பீக்கர் கத்திக்கொண்டே போனது. அது தேய்ந்ததும் கயிற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கிர்ர்க். கிர்ர்க்.

தொட்டில் மேசையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. கொக்கியைச் சுற்றிக் காரை பெயர்ந்து மேசைமேல் உதிர்ந்திருந்தது. கீழே புது அட்டை. ஊர்ப்பெயர் இல்லை. இன்றைய தேதி மட்டும்.

இரண்டு கையாலும் அடியில் தாங்கினாள். கையில் கனம் இறங்கியது. சட்டி தூக்கிய கை அது. கல்லின் எடையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். இது கல் இல்லை. கல் கைக்குள் இப்படிக் குழைந்து உட்காராது.

சூடாக இருந்தது.

முடிச்சைத் தேடினாள். துணியின் முனைகளைச் சேர்த்து அவள் போட்ட மூன்று முடிச்சு. முதலாவது அவிழ்ந்தது. இரண்டாவது.

துணியின் பக்கவாட்டில் ஏதோ முட்டியது.

உள்ளிருந்து.

சின்னதாக. உருண்டையாக. துணியைத் தள்ளி, வழுக்கி, உள்ளே போனது. மறுபடி வந்தது. அவள் வயிற்றின் வலப்பக்கம் இரண்டு மாதமாக முட்டிய அதே குதிகால். கைவைத்தால் நழுவி ஓடுமே, அதே ஓட்டம்.

"அம்மா," என்றாள். யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

குளிர்ந்திருந்தது. புடவைக்கு மேலேயே தெரிந்தது. அழுத்தினாள். அமுங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். விரல் மடங்கியது, வயிறு மடங்கவில்லை. கனம். சட்டியில் ஏற்றினால் கழுத்தை இறக்கும் அந்தக் கனம்.

தொட்டிலுக்குள் ஒரு மூச்சு இழுபட்டது. அழப்போகிற பிள்ளை இழுக்கிற மூச்சு.

மூன்றாவது முடிச்சுக்காக எட்டி முன்னால் சாய்ந்தாள். வயிறு மேசை விளிம்பில் இடித்தது.

டொக் என்றது.